கார்டு விலை

ஜூலை 6, ஞாயிறு

பில் முடிந்ததும் அந்த அக்காவின் போன் மட்டும் ஒலிக்கவில்லை.

மற்ற எல்லோருக்கும் ஒலிக்கும். நான் கடைசி பட்டனை அழுத்திக் காகிதம் வெளியே வருவதற்குள் கைப்பையிலோ சட்டைப்பையிலோ ஒரு சத்தம் கேட்கும். எங்கள் நிறைமதி சூப்பர் மார்க்கெட்டின் மதி கார்டு மெசேஜ் அது. இந்த அக்கா போனைக் கையிலேயே வைத்திருந்தார். பழைய பட்டன் போன். அது சும்மா இருந்தது.

பில் கவுண்டருக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. அதற்கு முன் ஒன்றரை வருடம் குடோனில் பருப்பும் மிளகாய்த்தூளும் எடை போட்டுக் கட்டினேன். அங்கே பேச வேண்டியதில்லை. இங்கே வருகிற ஒவ்வொருவரிடமும் "கார்டு இருக்குங்களா, நம்பர் சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். நான் கேட்கத் தயாராவதற்குள் அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். தண்ணீர் டிரம்முக்கு மேலே ஒரு பலகை இருக்கிறது. நூறு பில்லில் எத்தனை பில் கார்டு நம்பரோடு போடப்பட்டது என்று அதில் எழுதுவார்கள். கவுண்டர் ஒன்று 81. கவுண்டர் இரண்டு, ஷாஹிதா அக்கா, 86. கவுண்டர் மூன்று, நான், 34. மாதக் கடைசிக்குள் அறுபது வரவில்லையென்றால் திரும்பவும் குடோன்தான் என்று மேனேஜர் இளவரசு சார் சொல்லியிருக்கிறார். குடோன் சம்பளம் குறைவு. மிளகாய்த்தூள் வேறு.

அதனால் இன்று எண்ணிக்கொண்டே கேட்டேன். அந்த அக்கா பதினோராவது ஆள். கார்டு இல்லை என்றுதான் முதலில் சொன்னார். நான் மஞ்சள் லேபிளைக் காட்டி, "கார்டு இருந்தா பருப்புல இருபத்தாறு ரூபா குறையுங்க" என்றேன். முழுதாகச் சொல்லி முடித்தேன். அவர் பாக்கெட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பத்து இலக்கத்தையும் மூச்சு விடாமல் ஒப்பித்தார்.

இன்று 52.

ஜூலை 7, திங்கள்

தலைவலி. பேசியதால் இருக்கலாம்.

ஜூலை 9, புதன்

இந்த வாரம் லேபிள் மாற்றும் வேலை எனக்கு வந்தது. துவரம்பருப்பு அலமாரியில் மஞ்சள் லேபிள் ஓரம் பிய்ந்திருந்தது. புதிதாக ஒட்டுவதற்காக உரித்தேன். அடியில் போன மாதத்து வெள்ளை லேபிள் இருந்தது.

வெள்ளை லேபிளில் ஒரு கிலோ 148. மஞ்சள் லேபிளில் வழக்கமான விலை 172, கார்டு விலை 146.

இது எங்கள் குடோனில் கட்டுகிற பருப்பு. இரண்டு மாதத்துக்கும் ஒரே மூட்டைதான், நானே பிரித்தேன். உளுந்தையும் உரித்துப் பார்த்தேன். அதுவும் அப்படியே. மாலையில் போகும்போது எதிரிலிருக்கிற அண்ணாச்சி கடையில் விலை கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவர் சிலேட்டில் எழுதி வைத்திருந்தார், அதனால் கேட்காமலே தெரிந்தது. 145.

ஷாஹிதா அக்காவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். கார்டில் வரும் புள்ளிகளைப் பற்றி எனக்குத் தெரியுமா என்று கேட்டார். நூறு ரூபாய்க்கு ஒரு புள்ளி, ஒரு புள்ளி கால் ரூபாய், ஐந்நூறு புள்ளி சேர்ந்தால்தான் கழிக்க முடியும். "அம்பதாயிரத்துக்குச் சாமான் வாங்கு புள்ள, உனக்கு ஒரு பிளாஸ்டிக் குடம் சும்மாவே கெடைக்கும்" என்றார்.

அம்மாவுக்குக் கார்டு இல்லை. நான் இங்கே வேலை செய்தும் அவள் அண்ணாச்சி கடையில்தான் வாங்குகிறாள். எங்கேயும் நம்பர் கொடுக்க மாட்டாள். கேஸ் சிலிண்டர்கூடப் பக்கத்து வீட்டுப் பெயரில்தான் வருகிறது. அது அவள் பழக்கம்.

ஜூலை 13, ஞாயிறு

அந்த அக்கா மறுபடி வந்தார். மணி பத்தேகால். பின் சந்து முனையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடந்து வருவது தெரிந்தது. கூட நான்கைந்து வயதில் ஒரு பெண் குழந்தை.

போன வாரம் இரண்டு தட்டு, ஒரு துடைப்பம், கொடிக்கயிறு, பருப்பு. இந்த வாரம் ஒரு கரண்டி, இரண்டு டம்ளர், சின்ன பாட்டில் தேங்காய் எண்ணெய், பருப்பு. ஒரு வீட்டில் ஏற்கெனவே இருக்க வேண்டியதையெல்லாம் ஒவ்வொன்றாக வாங்குகிறார். நாங்களும் இங்கே வந்தபோது அப்படித்தான். கரண்டி வாங்கும்வரை அம்மா டம்ளரால் குழம்பு ஊற்றினாள்.

குழந்தை யூனிஃபார்ம் போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. பாக்கெட்டில் நூலால் பள்ளிக்கூடத்தின் பெயர், அதற்குக் கீழே ஊர், கோபி.

நம்பரைக் கேட்காமலே சொன்னார். அடித்ததும் திரையில் பெயர் வந்தது. சென்னியப்பன் கே., கோபி கிளை, புள்ளிகள் 1,142. பெயரைச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. "சென்னியப்பன்ங்களா?" என்றேன். அந்த அக்காவின் கை குழந்தையின் தோளுக்குப் போனது.

"அவரு பேருதான் கண்ணு. நம்பரு மனசுல பதிஞ்சு போச்சு" என்றார். தன் நம்பர் புதுசு, அதில் கார்டு இல்லை என்றும் சொன்னார். இங்கே பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறதாம். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கடை.

பணத்தை இடது கையால் எடுத்தார். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. இடது கை இன்னும் பழகவில்லை போல, சில்லறை கீழே விழுந்தது. குழந்தை பொறுக்கிக் கொடுத்தது.

போன் ஒலிக்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

சாப்பாட்டு நேரத்தில் ஷாஹிதா அக்கா தன் வீட்டுக்காரரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கார்டு அவர் நம்பரில் இருக்கிறது. அதனால் ஷாஹிதா அக்கா ஒரு ஐஸ்கிரீம் வாங்கினாலும் பெயின்ட் கடையில் உட்கார்ந்திருக்கிற அவருக்குத் தெரிந்துவிடுகிறது. "சளி புடிச்சிருக்குறப்ப எதுக்கு ஐஸ்கிரீம்னு அங்க இருந்தே போன் பண்றாரு. போலீஸ்கூட இவ்வளவு வெரசா கண்டுபிடிக்காது" என்றார்.

மெசேஜைக் காட்டச் சொன்னேன். இதுவரை நான் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. இப்படி இருந்தது. நிறைமதி சூப்பர் மார்க்கெட், பல்லடம் கிளை. பில் ரூ. 40. நேரம் 1.12. கவுண்டர் 2. நீங்கள் சேமித்தது ரூ. 2. மீண்டும் வருக.

கிளையின் பெயர் இருக்கிறது. நேரம் இருக்கிறது.

எலுமிச்சை சாதம் பாதியிலேயே நின்றது. ஷாஹிதா அக்கா என்ன என்று கேட்டார். உப்பு அதிகம் என்றேன்.

ஜூலை 16, புதன்

நம்பரை அடிக்காவிட்டால் மெசேஜ் போகாது.

ஜூலை 17, வியாழன்

கார்டு விலை இல்லாமல் அந்த அக்காவின் கூடைக்கு எவ்வளவு கூடும் என்று மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். ஐம்பதுக்குள்தான். அதை நானே கொடுத்துவிடலாம். ஆனால் எப்படிக் கொடுப்பது, என்ன சொல்லிக் கொடுப்பது என்று தெரியவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டால் கொடுக்க வேண்டியதே இல்லை. "அக்கா, இந்த நம்பருக்கு மெசேஜ் போகும்." ஆறு சொற்கள்கூட இல்லை. குளிக்கும்போது இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். அம்மா யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

சொல்லவில்லை.

வரிசையில் பின்னால் ஏழு பேர் நின்றார்கள். ஆடி பிறந்து முதல் ஞாயிறு, கூட்டம் அதிகம். அந்த அக்கா நம்பரைச் சொன்னார். நான் அடிப்பதுபோல விரலை அசைத்துவிட்டு அடிக்காமல் பில் போட்டேன். என்னிடமிருந்த ஐம்பது ரூபாயை மீதிப் பணத்தோடு சேர்த்து வைத்தேன்.

அவர் போய்விடுவார் என்று நினைத்தேன். கதவுப் பக்கம் நின்று பில்லைப் படித்தார். திரும்பி வந்தார்.

"ஏம்மிணி, பருப்பு நூத்தி எழுபத்திரண்டு போட்டிருக்குது. கார்டு சொன்னனே."

மீதி அதிகமாக இருக்கிறது, எண்ணிப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் எண்ணியும் பார்த்தார். அது இன்னும் குழப்பமாகிவிட்டது. பில் ஒரு மாதிரி, சில்லறை ஒரு மாதிரி, இது என்ன கணக்கு என்று கேட்டார். பின்னால் நின்ற ஒரு அண்ணன், "ஆடிக் கழிவுல ஆளையே கழிச்சுப் போடறாங்க" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நாங்க நின்னு நின்னு சம்பாரிக்கற காசுங்க. ஏமாத்தாதீங்க" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

இளவரசு சார் வந்தார். மன்னிப்புக் கேட்டார். புது பொண்ணு, இன்னும் பழகவில்லை என்றார். என் பில்லை ரத்து செய்து, மீதியையெல்லாம் திரும்ப வாங்கிக் கல்லாவில் போட்டார். நம்பரை அவரே கேட்டு அவரே அடித்தார். அந்த அக்கா ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார். சார் ஒரு சோப்பும் இலவசமாகக் கொடுத்தார். குழந்தை அதை முகர்ந்து பார்த்தது.

மணி 10.41. மெசேஜிலும் அப்படித்தான் போயிருக்கும்.

என் ஐம்பது ரூபாய் கல்லாவில் அதிகமாக நின்றது. அதற்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதச் சொன்னார்கள். கவனக்குறைவு என்று எழுதினேன்.

ஜூலை 21, திங்கள்

பலகையில் கவுண்டர் மூன்று 63. சார் பாராட்டினார்.

ஜூலை 23, புதன்

மதியம் மூன்று மணிக்கு அந்தச் சென்னியப்பன் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். கடைக்குள் யாரும் அப்படிச் செய்வதில்லை.

போனை எடுத்து சாரிடம் காட்டினார். புள்ளி விஷயமாகக் குறை சொல்ல வந்தவர் என்று சார் நினைத்தார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அவர் நிதானமாகத்தான் பேசினார். இந்த மெசேஜெல்லாம் இந்தக் கடையிலிருந்துதானே வருகிறது என்று கேட்டார். தன் வீட்டுக்காரி கோபித்துக்கொண்டு வந்துவிட்டாள், பிள்ளையையும் கூட்டி வந்துவிட்டாள், பார்த்து இரண்டு மாதம் ஆகிறது என்றார். முதலில் ஏதோ தவறாக வந்த மெசேஜ் என்று விட்டுவிட்டாராம். மூன்றாவதும் வந்த பிறகுதான் உறைத்ததாம்.

சார் திரையைப் பார்த்தார். மூன்று ஞாயிறு, மூன்றும் பத்து மணிக்கு மேல், பதினொன்றுக்குள். மூன்றும் கவுண்டர் மூன்று.

"கார்டு அவரு பேர்ல இருக்கு. அவரு பில்லை அவரு கேட்கறாரு. இதுல என்ன இருக்கு?" என்று சார் ஷாஹிதா அக்காவிடம் சொன்னார். ஷாஹிதா அக்கா எதுவும் கேட்டிருக்கவில்லை.

என்னைக் கூப்பிட்டார்கள். அந்தம்மாவை ஞாபகம் இருக்கிறதா, எந்தப் பக்கத்திலிருந்து வருவார் என்று கேட்டார்கள். தெரியாது சார் என்றேன். இந்தப் பொண்ணு யாரையும் நிமிர்ந்தே பார்க்காதுங்க என்று சார் எனக்காகச் சொன்னார்.

அவர் ஒரு சாக்லேட் பெட்டி எடுத்து வந்தார். பிள்ளைக்கு என்றார். நான் பில் போட்டேன். நம்பரைச் சொன்னார். சட்டைப்பையில் போன் ஒலித்தது. எடுத்துப் படித்துவிட்டு, "நல்ல ஏற்பாடுங்க இது" என்றார். பிறகு குனிந்து என்னிடம் மட்டும் கேட்டார்.

"கை நல்லாயிருச்சாங்க அவளுக்கு? வெரலு மடங்குதா?"

நான் சில்லறையை எண்ணினேன். அவர் ஞாயிற்றுக்கிழமை வருவதாக சாரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 24, வியாழன்

பருப்பில் உண்மையில் மிச்சமாவது இரண்டு ரூபாய். அண்ணாச்சி கடையில் வாங்கியிருந்தால் இன்னும் ஒரு ரூபாய் குறைவு. அங்கே யாரும் நம்பர் கேட்பதில்லை.

எனக்குக் கேட்கச் சொல்லித் தந்திருந்தார்கள். கேட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

வேலை ஐந்து மணிக்கு முடிந்தது. அந்த அக்கா வரும் பஸ்ஸில் ஏறி, கம்பெனிகள் இருக்கிற பக்கம் போனேன். லைன் வீடுகள் நான்கு வரிசை இருந்தன, வரிசைக்குப் பத்துக் கதவு. கொடிக்கயிறுகளைப் பார்த்தேன். நாங்கள் விற்கிற பச்சைக் கயிறு ஏழு வீட்டில் கட்டியிருந்தது. யூனிஃபார்ம் எதிலும் காயவில்லை. குழாயடியில் இரண்டு பெண்கள் என்னைப் பார்த்து யாரைத் தேடுகிறாய் என்று கேட்டார்கள். பெயர் தெரியாது. கோபியிலிருந்து வந்தவர் என்று கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டு ஒருவர் தேடினார் என்று ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். வீடு மாறி வந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பினேன்.

ஷாஹிதா அக்காவிடம் காலையில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் நாம் நுழையக் கூடாது என்றார். நான் விரல்களைப் பற்றிச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் அன்று முழுக்க யாரிடமும் வேடிக்கையாகப் பேசவில்லை.

ஜூலை 26, சனி

அம்மாவிடம் சொன்னேன். அவள் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த துணிகளில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரி நிற்கவில்லை. சொல்லி முடித்த பிறகும் இரண்டு துணி வெட்டினாள்.

"அன்னைக்கு நம்ம எங்க போறோம்னு ஒரு ஆளு வாயத் தொறந்திருந்தாப் போதும், இன்னைக்கு நம்ம இங்க இருந்திருக்க மாட்டோம்" என்றாள். அப்புறம் சாதம் வடிக்க எழுந்து போனாள்.

எங்களுக்கு என்ன நடந்தது என்று இங்கே எழுத வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் நடுவில் தேனியை விட்டு வந்தோம். டி.சி. வாங்க யாரும் திரும்பிப் போகவில்லை. அதனால் பள்ளிக்கூடம் இல்லை. அவ்வளவுதான்.

சாப்பிடும்போது அம்மா ஒன்று கேட்டாள். அந்தப் பொண்ணு எத்தனை மணிக்கு வரும்? பத்தேகால் பஸ் என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

ஒன்பதரைக்கே சென்னியப்பன் வந்துவிட்டார். குளிர்பான ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் வாசலும் கவுண்டர் மூன்றும் தெரியும். மடியில் புதன்கிழமை வாங்கிய சாக்லேட் பெட்டி. சார் டீ வாங்கிக் கொடுத்தார். என்னிடம் வந்து, அந்தம்மா வந்தால் பில்லைக் கொஞ்சம் மெதுவாகப் போடு, பேசித் தீர்த்துக்கொள்ளட்டும், பாவம் என்றார். அவர் நல்லதென்று நினைத்துத்தான் சொன்னார்.

பத்து மணிக்கு என் வரிசையில் நான்கு பேர் இருந்தார்கள். பத்து ஐந்துக்கு மூன்று பேர். ஒரு பாட்டில் எண்ணெயை இரண்டு முறை ஸ்கேன் செய்துவிட்டு அழித்தேன். பத்து எட்டுக்கு எழுந்து நின்றேன். எழுந்து நின்றால் காரணம் சொல்ல வேண்டும். சார் என்ன என்று கேட்டார். பாத்ரூம் என்றேன். காதில் விழவில்லை போல, மறுபடி கேட்டார். "பாத்ரூம் போகணும் சார்" என்று கடைக்கே கேட்கும்படி சொன்னேன். நாற்காலியிலிருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கூட்ட நேரத்தில் இதெல்லாம் என்ன என்று சார் ஆரம்பித்தார். ஷாஹிதா அக்கா தன் கவுண்டரிலிருந்தே, "பொம்பளப் புள்ள அவசரம் சார், எல்லாத்துக்கும் காரணம் கேப்பீங்களா?" என்றார். என் வரிசையை அவர் பக்கம் கூப்பிட்டுக்கொண்டார். சார் தலையை ஆட்டினார்.

குடோன் வழியாகப் போனேன். மூட்டைகளுக்குப் பின்னால் சரக்கு இறக்கும் கதவு திறந்துதான் இருந்தது. சந்தில் இறங்கி ஓடினேன். முனையில் நின்றேன். பஸ் வந்துகொண்டிருந்தது.

முதலில் குழந்தை இறங்கியது. இன்று யூனிஃபார்ம் இல்லை, பூப்போட்ட புதுக் கவுன். பிறகு அந்த அக்கா, கையில் மடித்த துணிப்பை. என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. போன வாரத்துக் கோபம்.

"அக்கா, கடைக்கு வராதீங்க" என்றேன். "நீங்க நம்பர் சொல்ற ஒவ்வொரு தடவையும் அவர் போனுக்கு மெசேஜ் போகுது. எந்த ஊரு, எத்தனை மணி, எல்லாம் அதுல இருக்கு. அவர் உள்ள உக்காந்திருக்கார். அதோ, அந்தக் கட்டடத்துக்குள்ள."

அவர் கட்டடத்தைப் பார்த்தார். கை குழந்தையின் தோளுக்குப் போனது.

"பருப்பு வாங்கோணும்" என்றார்.

மடித்த துணிப்பையை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார்.

"போன வாரம் நீ வேணும்னுதான் நம்பர் போடாம விட்டியா?"

ஆமாம் என்றேன்.

"வாயைத் தொறந்து சொல்றதுக்கென்ன அம்மிணி?"

சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. ஊர் தெரிஞ்சு போச்சு, இனி கம்பெனி கம்பெனியாய் ஏறி இறங்கி விசாரிப்பான், சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்கே வந்துருவான் என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். இங்கே தனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை என்றார். குழந்தை, சோப்புக் கொடுத்த மாமா இருக்கிறாரா என்று என்னைக் கேட்டது.

எதிர்ப்பக்கம் போகிற டவுன் பஸ் வந்து நின்றது. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். அந்த அக்கா படியில் காலை வைத்துவிட்டு எங்கே என்று கேட்டார். எங்கள் வீட்டுக்கு, அம்மா இருப்பாள் என்றேன். ஏறினார். நிறைமதி என்று முதுகில் எழுதிய மேல்கோட்டைக் கழற்றிச் சுருட்டி, எழுத்து உள்ளே போகும்படி மடியில் வைத்துக்கொண்டேன்.

கண்டக்டர் வந்து எங்கேயம்மா இறங்க வேண்டும் என்று கேட்டார். எங்கள் நிறுத்தத்தின் பெயரைச் சொன்னேன்.